பிரிப்பதற்கு முன் கண்டுபிடி! கிளட்ச் முதல் பின் ஆக்சில் வரை டிராக்டர் பழுதறியும் பாடம்

காது, மூக்கு, கை மூன்றையும் பயன்படுத்தினாலே பாதிப் பழுதுகளின் இடம் தெரிந்துவிடும். ஸ்பேனர் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

குறுவைக்குச் சேற்றுழவு ஓடிக்கொண்டிருக்கும் வாரம். நாற்று பறிக்கும் பருவத்துக்கு வந்துவிட்டது. நடவு ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து டிராக்டரில் கியர் விழாமல் 'கரகர'வென்று கத்துகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், "வண்டியைப் பிரிச்சுப் பார்த்தாத்தாண்ணே தெரியும்" என்று பதில் வருகிறது. பிரித்தால் வண்டி சில நாள்களாவது பட்டறையில் நிற்கும். சாமான் கிடைக்காவிட்டால் ஒரு வாரமும் ஆகலாம். அதற்குள் நாற்று முற்றிவிடும், முறைத் தண்ணீரும் தாண்டிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், இப்படிப் பிரிக்கப்படும் வண்டிகளில் சிலவற்றுக்குப் பிரிக்க வேண்டிய பழுதே இருப்பதில்லை. கிளட்ச் பெடலுக்குக் கீழே இருக்கும் ஒரு நட்டைத் திருகி அளவை வைத்திருந்தாலே கியர் சத்தமில்லாமல் விழுந்திருக்கும். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வரும் பழுதுகளை அறியக் கற்றுக்கொள்பவர்களுக்கு முதல் பாடம், எதைக் கழற்றுவது என்பதல்ல. எதைக் கழற்றத் தேவையில்லை என்பதுதான்.

சக்தி போகும் பாதை

பழுதைத் தேடும் முன் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜினின் ஃபிளைவீலில் இருந்து சுழற்சி கிளட்ச் பிளேட்டுக்கு வருகிறது. அங்கிருந்து இன்புட் ஷாஃப்ட் வழியாக கியர் பாக்ஸுக்குள் நுழைகிறது. கியரும் ஹை-லோ லீவரும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. அடுத்து பினியன், கிரவுன் வீலைச் சுற்றுகிறது. நீளவாக்கில் வந்த சுழற்சி இந்த இடத்தில்தான் குறுக்குவாக்கில் திரும்புகிறது. கிரவுனோடு சேர்ந்திருக்கும் டிஃப்ரன்ஷியல், திருப்பத்தில் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்கிறது. கடைசியாக ஃபைனல் டிரைவ் கியர்கள் வேகத்தை இன்னும் குறைத்து ஆக்சில் ஷாஃப்ட் வழியாகச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டால் இதன் அருமை புரியும். பின் டயரின் சுற்றளவு சுமார் 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் உழும்போது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 17 முறைதான் சுற்றும். இன்ஜினோ 1,700 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். அதாவது, வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. தேய்மானத்தில் போவது போக, திருகு விசை ஏறக்குறைய அதே மடங்கில் கூடுகிறது. சின்ன இன்ஜின் பெரிய கலப்பையை இழுப்பது இதனால்தான். பாதையின் பின்பகுதிக்குப் போகப்போக சுமை கூடுவதால், அங்கே வரும் பழுதுக்குச் செலவும் கூடுதல்.

கேட்க வேண்டியது 'என்ன சத்தம்?' அல்ல, 'எப்போது சத்தம்?'

அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியைப் பார்த்ததும் ஸ்பேனரைத் தேடமாட்டார். "கிளட்ச் மிதிச்சா சத்தம் வருதா, விட்டா வருதா? எல்லா கியர்லயும் வருதா, ஒண்ணுல மட்டுமா? நேராப் போகும்போதா, திருப்புறப்பவா?" என்று கேள்வியாகக் கேட்பார். டிரைவர் சொல்லும் பதிலிலேயே பழுதின் இடம் பாதி சுருங்கிவிடும்.

வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பி.டி.ஓ-வை விடுவித்து, நியூட்ரலில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு இந்தச் சோதனையைச் செய்யலாம்.

* பெடலை லேசாக மிதித்ததுமே சத்தம் தொடங்கினால், ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம்.

* பெடலில் காலே வைக்காதபோது சத்தம் இருந்து, முழுதாக மிதித்ததும் நின்றுவிட்டால், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் அல்லது கவுன்டர் ஷாஃப்ட் பேரிங்.

* முழுதாக மிதித்து, கியரும் போட்ட நிலையில் மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால், ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்.

அடுத்தது சாலைச் சோதனை. ஒரே வேகத்தில், ஆனால் இரண்டு வெவ்வேறு கியர்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கியர் மாறியும் சத்தத்தின் சுருதி மாறவில்லை என்றால், பழுது கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. கிரவுன், ஃபைனல் டிரைவ், சக்கர பேரிங் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். சுருதி இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து மாறினால், பழுது முன்பக்கத்தில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பல ஆயிரம் ரூபாய் வேலையைத் தவறான இடத்தில் செய்வதிலிருந்து காப்பாற்றும். சோதனைக்காகச் சரிவில் வண்டியை நியூட்ரலில் உருளவிடுவது மட்டும் கூடவே கூடாது.

கிளட்ச்: வழுக்குகிறதா, விடாமல் பிடிக்கிறதா?

கிளட்ச் பழுதுகள் இரண்டே வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர். இதைக் குழப்பிக்கொண்டால் வைத்தியம் தலைகீழாகிவிடும்.

வழுக்கும் கிளட்சில் இன்ஜின் வேகம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. சுமையோடு மேடு ஏறும்போது கருகல் வாடை வரும். ஹேண்ட் பிரேக்கை இறுகப் போட்டு, உயர் கியரில் வைத்து, இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்து, பெடலை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் இருக்கக் கூடாது. பிளேட் சூடாகும் என்பதால் ஓரிரு முறைக்கு மேல் செய்யவும் கூடாது.

விடாமல் பிடிக்கும் கிளட்சில் பெடலை முழுக்க மிதித்தும் பிளேட் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கியர் போடும்போது பல் உரசுகிறது. பெடலை மிதித்து 10 விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். காத்திருந்த பிறகும் உரசினால், முதல் குற்றவாளி கிளட்ச்தான், கியர் பாக்ஸ் அல்ல.

இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது பெடல் ஃப்ரீ பிளே. பெடலைக் கையால் அழுத்தினால், எதிர்ப்பு தெரியும் வரை அது சும்மா நகரும் தூரம்தான் இது. பல டிராக்டர்களில் இது 20 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஃப்ரீ பிளே இல்லாமல் போனால் கிளட்ச் வழுக்கும், ரிலீஸ் பேரிங்கும் ஓயாமல் சுற்றித் தேயும். அளவுக்கு மேல் இருந்தால் கிளட்ச் முழுதாக விடாது. அளவை வைக்க ஸ்கேலும் இரண்டு ஸ்பேனரும் போதும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் துளை. அதில் எண்ணெய் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். கறுத்த இன்ஜின் ஆயிலாக இருந்தால் கிராங்க் பின் சீல், கியர் ஆயிலாக இருந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல். வண்டியைப் பிரிக்காமலே எந்த சீல் வாங்க வேண்டும் என்பதை அந்தச் சொட்டு சொல்லிவிடும். பல டிராக்டர்களில் சேற்றுழவுக்கு முன் இந்தத் துளையை அடைக்கச் சொல்வார்கள். உழவு முடிந்ததும் மறக்காமல் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போன ஈரம் தங்கி, பிளேட் துருப்பிடித்து ஷாஃப்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பிளேட்டைக் கொல்வது பெரும்பாலும் வேலைப்பளு அல்ல, பழக்கம்தான். பெடல் மேல் கால் வைத்தபடியே ஓட்டுவதும், வரப்பு ஏற 'ஹாஃப் கிளட்ச்'சில் நிறுத்திப் பிடிப்பதும் புது பிளேட்டையும் சீக்கிரம் தீர்த்துவிடும்.

கியர் பாக்ஸ்: ஒரு கியரா, எல்லா கியருமா?

ஒரே கியரில் மட்டும் சத்தம் வந்தால் அந்த ஜோடிப் பற்களில் தேய்மானம். எல்லா கியரிலும் வந்தால் பேரிங் அல்லது ஆயில் குறைவு. ஆகவே முதலில் டிப் ஸ்டிக்.

ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஷிஃப்டர் ரெயிலைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் முதலாவது. ஸ்பிரிங் வலுவிழந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். பல வண்டிகளில் மேல்மூடியைக் கழற்றியே இதைச் சரிசெய்யலாம். இரண்டாவது, ஷிஃப்டர் ஃபோர்க்கின் தேய்மானம். மூன்றாவது, கியர் பற்களின் முனை மழுங்கியிருப்பது. கடைசிக் காரணத்துக்குத்தான் உள்ளே இறங்க வேண்டும். சிலர் நழுவும் லீவரைக் கயிற்றால் கட்டிவைத்து ஓட்டுவார்கள். அவசரத்தில் கியரை விடுவிக்க முடியாமல் போகும். உயிருக்கே ஆபத்து.

கிரவுன்-பினியன்: நூலிழை வேலை

சுமையை இழுக்கும்போது 'ஊ' என்று ஊளைச் சத்தம் வந்தால், பினியன் பல்லின் இழுக்கும் பக்கம் தேய்ந்திருக்கலாம் அல்லது பற்கள் சேரும் இடம் மாறியிருக்கலாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் வந்தால், பல்லின் மறுபக்கத்தையும் பினியன் பேரிங் தளர்ச்சியையும் பார்க்க வேண்டும். நேராகப் போகும்போது அமைதியாக இருந்து, திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால் டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர்கள் அல்லது வாஷர்கள். முன்னும் பின்னும் மாற்றும்போது 'டக்'கென்று அடித்தால், பல் இடைவெளி கூடியிருக்கிறது அல்லது எங்கோ போல்ட் தளர்ந்திருக்கிறது.

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பற்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்குக்குள்தான். அதை டயல் கேஜ் வைத்து அளந்து, ஷிம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். பிறகு பல்லில் மார்க்கிங் மை தடவிச் சுற்றிப் பார்த்து, உரசிய தடம் பல்லின் நடுப்பகுதியில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து 'சரியா இருக்கு' என்று மூடிவிடும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிஃப்ரன்ஷியல் லாக்கைப் போட்டபடி வண்டியைத் திருப்புவதும், சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது லாக்கை மிதிப்பதும் இந்தப் பகுதியை உடைக்கும் முக்கியமான தவறுகள்.

பின் ஆக்சில்: சீலை மாற்றும் முன் மூச்சுத் துளையைப் பார்

பிரேக் டிரம்மில் எண்ணெய் வழிந்தால் உடனே ஆக்சில் சீலை மாற்றிவிடுவது வழக்கம். புது சீலும் சில மாதத்தில் கசியும். காரணம், வேறு எங்கோ இருக்கும். ஹவுசிங்கின் மேல் பிரீத்தர் என்ற சிறிய மூச்சுத் துளை இருக்கும். சேறு காய்ந்து அது அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாக வெளியே தள்ளும். துளையைச் சுத்தம் செய்யச் செலவே இல்லை. அதுவும் சரியாக இருந்தால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஆடும் ஷாஃப்டில் எந்த சீலும் நிற்காது. ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை வைத்துத் தேய்த்தால் பள்ளம் தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆயில் சொல்லும் கதை

பழைய ஆயிலை வெளியேற்றும்போது அதைக் கீழே கொட்டிவிடாமல், வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

* பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றுழவு முடிந்த வண்டிகளில் அடிக்கடி வருவது இதுதான்.

* டிரெயின் பிளக் காந்தத்தில் மைபோலச் சாம்பல் பசை இருந்தால் இயல்பான தேய்மானம்.

* பளபளக்கும் செதில், ஊசி, துண்டு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

* மஞ்சள் நிறத் தூள் இருந்தால் பித்தளை புஷ், வாஷர் அல்லது சின்க்ரோனைசர் வளையம் தேய்கிறது.

ஆயில் வகையிலும் கவனம் வேண்டும். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஆயில்தான். கையேட்டில் சொன்ன அந்த ஆயிலுக்குப் பதிலாக, கடையில் இருக்கிறது என்று சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் பிளேட்டுகள் கெட்டுப்போகும்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால்...

டிராக்டரை இரண்டாகப் பிரிக்கும் வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. முன் ஆக்சில் நடுப் பின்னில் தொங்கி இருபுறமும் ஆடும் அமைப்பு கொண்டது. வண்டியைப் பிரித்ததும் இன்ஜின் பகுதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதனால், போல்ட்டைத் தொடும் முன் முன் ஆக்சிலுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இருபுறமும் மர ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும். இரண்டு பகுதியையும் தனித்தனியே ஸ்டாண்டில் தாங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. எந்த ஷிம் எந்தப் பக்கம் இருந்தது என்று அதிலேயே கட்டி எழுதிவைக்க வேண்டும். பேரிங்கை நேராகச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. எண்ணெயில் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்கினால் தானாக வழுக்கி உட்காரும். புது கிளட்ச் பிளேட்டை மையப்படுத்த டம்மி ஷாஃப்ட் வேண்டும். மறுபடி சேர்க்கும்போது இரண்டு ஹவுசிங்கும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். இடைவெளி நின்றால், போல்ட் போட்டு இழுத்து இறுக்கக் கூடாது. ஃபிளைவீலை மெதுவாகச் சுற்றினால் பல் பொருந்திவிடும். அவசரப்பட்டு இறுக்கினால் புது பிளேட் வளையும், ஹவுசிங்கும் விரியும்.

எங்கே, எப்படிக் கற்றுக்கொள்ளலாம்?

இந்த வேலையை மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஃப்ரீ பிளே, ஆயில், பிரீத்தர், சத்தச் சோதனை ஆகியவை ஒவ்வொரு டிராக்டர் உரிமையாளரும் செய்ய வேண்டியவை. சீல், சக்கர பேரிங் மாற்றுவது, தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் பழகக்கூடியவை. வண்டியைப் பிரிப்பதும் கிரவுன்-பினியன் அமைப்பதும் பயிற்சி பெற்றவர்களுக்கான வேலை.

கிராமத்து இளைஞர்கள் இதைத் தொழிலாகவே எடுக்கலாம். ஐ.டி.ஐ-க்களில் டிராக்டர் மெக்கானிக் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையங்கள் மத்தியப் பிரதேசத்தின் புத்னி, ஹரியானாவின் ஹிசார், அசாமின் பிஸ்வநாத் சாரியாலி, ஆந்திராவின் கார்லதின்னே ஆகிய ஊர்களில் இயங்குகின்றன. தென் மாநிலங்களுக்கானது, அனந்தபூர் பகுதியில் இருக்கும் கார்லதின்னே. தமிழ்நாட்டில் நடக்கும் பயிற்சிகளை மாவட்ட வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். எங்கே படித்தாலும், காயலான் கடையில் ஒரு பழைய கியர் பாக்ஸை வாங்கி நாலு முறை பிரித்து மாட்டிப் பழகுவதுபோல வராது. அதில் செய்யும் தவறு யாருடைய நடவையும் நிறுத்தாது.

வாசகர் கேள்விகள்

''ஃபோர் வீல் டிராக்டரை தார்ச் சாலையில் நாலு சக்கரமும் இழுக்கும்படி ஓட்டலாமா?''

கூடாது. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று முந்தி இழுக்கும்படிதான் கியர் விகிதம் அமைக்கப்பட்டிருக்கிறது. வயலில் டயர் சிறிது வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். தார்ச் சாலையில் வழுக்க முடியாமல் கியர்களும் ஜாயின்ட்டுகளும் முறுக்கப்படும், டயரும் தேயும். இதே காரணத்தால், நிறுவனம் சொன்ன அளவுக்கு மாறான டயர் போடுவதும் முன் ஆக்சிலைக் கெடுக்கும்.

''இன்ஜினை நிறுத்தி, கியரில் வைத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஒன்றைச் சுற்றினால், மற்றது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. பழுதா?''

பழுதில்லை. டிஃப்ரன்ஷியல் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சுற்றும்போது இடையிடையே கடித்துப் பிடித்தாலோ, 'கடகட'வென்றாலோதான் உள்ளே பார்க்க வேண்டும். சோதனையின்போது இரண்டு பக்கமும் ஸ்டாண்டு, முன் சக்கரத்துக்குக் கட்டை அவசியம்.

''பழைய டிராக்டர் வாங்கப்போகிறேன். கியர் பாக்ஸை எப்படிச் சோதிப்பது?''

ஆயிலை முதலில் பார்க்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாகக் கெட்டியாக இருந்தால், சத்தத்தை மறைக்க ஊற்றியிருக்கலாம். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, அரை மணி நேரம் சுமையோடு ஓட்டிச் சூடான பிறகு ஒரு முறை கேட்க வேண்டும். எல்லா கியரிலும், ரிவர்ஸிலும் ஓட்டி, சுமை இருக்கும்போதே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுப் பார்க்க வேண்டும். கியர் நழுவினால் விலையைக் குறைத்துப் பேசலாம் அல்லது வேறு வண்டி பார்க்கலாம். ஹவுசிங் இணைப்பில் புதிதாக கேஸ்கெட் பசை தெரிந்தால், எதற்காகப் பிரித்தார்கள் என்று கேட்டு, பில்லையும் வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.